பிக்சல் ஆர்ட் கிட் வாங்கப் போகிறீர்களா? என் மாரியோவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

அண்ணனுக்கு அடுத்த வாரம் நாற்பது வயது. முழுப்பரீட்சை லீவில் டிவி கேம் கேசட்டை ஊதி ஊதிச் செருகி நாங்கள் ஆடிய மாரியோவை, சின்னச் சின்ன பிளாஸ்டிக் பிளாக்குகளைப் பலகையில் கட்டம் கட்டமாகப் பதித்துச் செய்து, ஃப்ரேம் போட்டுக் கொடுக்கலாம் என்று ஆசை. ஆன்லைனில் ஒரு பக்கத்தில் ஆர்டர் கொடுத்தேன். 2,800 ரூபாய், மொத்தமும் முன்பணம். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

விளம்பரத்தில் போட்டிருந்தது: 48க்கு 48 கட்டம், 2,304 துண்டு, ஒன்றரை அடிச் சதுரம். அதை நம்பி 18 இன்ச் ஃப்ரேமுக்குக் கடையில் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. லெகோ அளவுத் துண்டில் ஒரு குமிழுக்கும் (துண்டைப் பொருத்தும் சின்ன மேடு) அடுத்த குமிழுக்கும் 8 மில்லிமீட்டர்தான். 48 குமிழ் என்றால் 38.4 சென்டிமீட்டர், சுமார் 15 இன்ச். வாய்ப்பாடு தெரிந்தும் பெருக்கிப் பார்க்கவில்லை. (லெகோ கம்பெனித் துண்டு இல்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. அடிப்படைக் காப்புரிமைகள் எப்போதோ முடிந்துவிட்டன. அதே அளவில் நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.)

பெரிய கூத்து படத்தில்தான். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் சின்ன மாரியோ 12 பிக்சல் (திரையில் படத்தை உருவாக்கும் சின்னச் சதுரப் புள்ளி) அகலம், 16 பிக்சல் உயரம், மூன்றே நிறம். 16ஐ மூன்றால் பெருக்கினால் 48. ஒரு பிக்சலுக்கு மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது துண்டு வைத்தால் தொப்பியிலிருந்து ஷூ வரை பலகையில் கச்சிதமாக உட்காரும். ஓரம் விட வேண்டுமா, இரண்டால் பெருக்கி 32. இடையில் எந்த எண்ணும் ஒத்து வராது.

இவர்களோ நெட்டில் கிடைத்த ஏதோ ஒரு படத்தை ஆப்பில் போட்டு 42 கட்ட உயரத்துக்குச் சுருக்கியிருக்கிறார்கள். ஒரு பிக்சலின் உயரத்துக்கு இரண்டரைக் குமிழுக்குக் கொஞ்சம் மேலே. குமிழைப் பாதியாக வெட்டவா முடியும்? சட்டைப் பொத்தான் ஒன்று இரண்டு குமிழ் அகலம், இன்னொன்று மூன்று. சுருக்கும்போது விளிம்புகளில் ஆப் தானாகவே இடைநிறங்களைப் போட்டுவிடும். மூன்று நிறம் ஒன்பதாகிவிட்டது. மீசை எது, கன்னம் எது என்று தெரியவில்லை.

துண்டும் குறைவு. நூறு துண்டை எண்ணி சமையலறைத் தராசில் வைத்து, பிறகு மொத்தத்தையும் நிறுத்துக் கணக்குப் போட்டேன். எப்படிப் பார்த்தாலும் முன்னூறு துண்டுக்கு மேல் குறைகிறது.

கேட்டதற்கு வந்த பதில்: "ப்ரோ, கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, கரெக்டா தெரியும்." துண்டு குறைவதைச் சொன்னதும், "அன்பாக்சிங் வீடியோ இருக்கா ப்ரோ?" அதன் பிறகு பிளாக். செங்கல் பிளாக் இல்லை, மற்ற பிளாக்.

யாராவது இப்படி வாங்குவதானால், பணம் அனுப்பும் முன் கட்டம் போட்ட சார்ட்டையும் நிறவாரியான துண்டுக் கணக்கையும் கேளுங்கள். ஒரு பிக்சலுக்கு எத்தனை குமிழ் என்று கேளுங்கள். முழு எண்ணில் பதில் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். அது வெட்டி பந்தா என்று நானும் நினைத்தவன்தான்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். இப்போது மகனின் கிராஃப் நோட்டில் நானே 12க்கு 16 கட்டம் வரைந்து, வந்ததிலிருந்து சிவப்பையும் பழுப்பையும் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டால் பெருக்கினால் துண்டு போதும் போலிருக்கிறது. அந்தப் பக்கம் நேற்று வேறு பெயருக்கு மாறியிருக்கிறது. முகப்பில் அதே மாரியோ படம்தான். அதில் எண்ணிப் பார்த்தேன், பொத்தானுக்குச் சரியாக மூன்று குமிழ்.