ஜப்பான் துறைமுகங்கள்: பாட்டியும் பிள்ளைகளுமாகப் போனால் எந்த ஊர் வசதி?

ஜப்பானைச் சுற்றிவரும் சொகுசுக் கப்பல்களின் விளம்பரங்களில் ஃபுஜி மலை, கியோட்டோ கோயில்கள், ஹிரோஷிமா நினைவிடம் என்று படங்கள் வரிசையாக வரும். கப்பல் இவை எதன் வாசலிலும் போய் நிற்பதில்லை. கியோட்டோ கடலோர நகரமே இல்லை. அதைப் பார்க்க கோபேயிலோ ஒசாகாவிலோ இறங்கி ரயில் பிடிக்க வேண்டும். ஹிரோஷிமாவில் பெரிய கப்பல்கள் நகரத்தை விட்டு விலகியிருக்கும் இட்சுகாய்ச்சி துறையில் நிற்கும். அங்கிருந்து நினைவுப் பூங்காவுக்குப் பேருந்தில்தான் போயாக வேண்டும்.

தம்பதியாகப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. முழங்கால் வலி உள்ள பாட்டி, மதியம் தூங்கியே ஆக வேண்டிய குழந்தை, பத்து வயதுப் பையன் என்று ஒரு குடும்பமே கிளம்பும்போது நிலைமை வேறு. காலை எட்டு மணிக்குக் கப்பல் வந்து மாலை ஐந்துக்குக் கிளம்பும் என்றால், இறங்கும் வரிசையும் திரும்பி ஏறும் நேரமும் கழித்து உருப்படியாக ஆறு ஏழு மணி நேரம்தான் கையில் இருக்கும். அதனால் ஒரு துறைமுகத்தை நான் எடைபோடுவது அங்கே என்ன பார்க்கலாம் என்பதை வைத்து அல்ல. கப்பலை விட்டு இறங்கினால் ஊர் எவ்வளவு தூரம்? களைத்துப்போனவரைப் பாதியில் கொண்டுவந்து கேபினில் விட்டுவிட்டு மற்றவர்கள் மறுபடி சுற்றப் போக முடியுமா? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் சொல்கிற ஊர்தான் குடும்பத்துக்கு ஏற்ற ஊர். அப்படிப் பார்த்தால் நாகசாகி, கோபே, ஹகோடதே மூன்றும் முன்னால் வரும். மூன்றிலும் என் முதல் தேர்வு நாகசாகி.

நாகசாகி

மாட்சுகாயே துறையில் இறங்கினால் ஊருக்குள்ளேயே நிற்பீர்கள். ஓஊரா தேவாலயமும், பழைய வெளிநாட்டு வணிகர்களின் வீடுகள் உள்ள குளோவர் தோட்டமும் நடந்துபோகும் தூரம். தேவாலயம் 1864-ல் கட்டி முடிக்கப்பட்டது, ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். இரண்டரை நூற்றாண்டுகளாக மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் இங்கே வந்துதான் பாதிரியாரிடம் தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள்.

மூன்று பக்கமும் மலை, சரிவு முழுக்க வீடுகள் என்று நாகசாகி நம் குன்னூர் மாதிரி அடுக்கடுக்காக ஏறும். பாட்டியை வைத்துக்கொண்டு இந்த ஏற்றத்தில் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. தேவாலயத்துப் பக்கமாகச் செங்குத்தான சாலையில் ஏறாதீர்கள். டிராமில் இஷிபாஷி நிறுத்தம் வரை போங்கள். கப்பலில் இருந்து நடந்துபோனாலும் பெரிய தூரம் இல்லை. அங்கே குளோவர் ஸ்கை ரோடு என்று ஒரு சாய்வு லிஃப்ட் இருக்கிறது. மலைச்சரிவோடு சாய்வாக ஏறும் இது, மேலே வசிக்கும் மக்களுக்காக நகராட்சி போட்டது. கட்டணம் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிப் பையோடு வரும் பெரியவர்களும் அதில்தான் ஏறுவார்கள். அது முடியும் இடத்திலிருந்து இன்னொரு லிஃப்ட், நேராக மேலே. வெளியே வந்தால் குளோவர் தோட்டத்தின் மேல்வாசல். துறைமுகம் முழுவதும் காலடியில் தெரியும், நீங்கள் வந்த கப்பலும் சேர்ந்துதான். அங்கிருந்து எல்லாம் இறக்கம். தோட்டத்துக்குள்ளும் நகரும் நடைபாதைகள் உண்டு. கீழ்வாசலில் வெளியேறினால் தேவாலயம், அடுத்து காஸ்டெல்லா கேக் கடைகள், அப்புறம் கப்பல். பாட்டியால் இவ்வளவும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கேபினுக்குத் திரும்பிவிட முடியும்.

மற்றவர்களுக்கு மதியம் மிச்சமிருக்கும். டிராமில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், பிள்ளைகளுக்குப் பாதி. பின்வாசலில் ஏறி, முன்வாசலில் இறங்கும்போது காசு போட வேண்டும். 1641 முதல் 1850-கள் வரை டச்சுக்காரர்களை அடைத்துவைத்திருந்த டெஜிமா தீவு வழியிலேயே வருகிறது. இப்போது சுற்றிலும் நிலம் தூர்க்கப்பட்டு ஊருக்கு நடுவில் இருக்கிறது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக் கம்பெனிதான் இங்கேயும் வணிகம் செய்தது. கிடங்குகளையும் தலைமை அதிகாரியின் வீட்டையும் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். வரலாறு பிடித்த பிள்ளைகளுக்கு நல்ல இடம்.

அணுகுண்டு நினைவிடங்களை எப்படிக் காட்டுவது என்பது ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டியது. 1945 ஆகஸ்ட் 9, காலை 11:02. அந்த நேரத்திலேயே நின்றுபோன சுவர்க் கடிகாரம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே இருக்கும் படங்கள் கடுமையானவை. பத்து வயதுக்கும் கீழே உள்ள பிள்ளைகளை அங்கே அழைத்துப்போக மாட்டேன். அதற்குப் பதில் அமைதிப் பூங்காவுக்கு அழைத்துப்போகலாம். அங்கே ஒரு நீரூற்று இருக்கிறது. தாகம் தாகம் என்று துடித்து இறந்தவர்களுக்காக வைத்தது. முன்னால் உள்ள கல்லில், தண்ணீரின் மேல் எண்ணெய் போல ஏதோ மிதந்தும் தாகம் தாங்காமல் அப்படியே குடித்ததாக ஒரு சிறுமி எழுதிய வரிகள். அதைப் படித்துச் சொன்னாலே குழந்தைக்குப் புரியும்.

நாகசாகியின் குறை சாப்பாடு. ஊரின் பெருமையான சாம்போன் நூடுல்ஸ் பன்றி எலும்புச் சாறும் கடல் உணவும் சேர்ந்தது. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் மதியத்துக்குக் கப்பலுக்கே திரும்புவது நல்லது. துறை பக்கத்தில் இருப்பதால் அதுவும் சிரமமில்லை.

கோபே

கோபேயின் பலம் ரயில். துறைமுகக் கட்டடத்திலிருந்தே போர்ட் லைனர் நிலையத்துக்கு நடைபாலம் போகிறது. சில நிமிடத்தில் நகரின் நடுவில் சன்னோமியாவில் இறங்கலாம். 1981-ல் ஓடத் தொடங்கிய இந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியில் முன்கண்ணாடியை ஒட்டி இடம் கிடைத்துவிட்டால், வளைந்து வளைந்து பாலத்தில் ஏறிப் போகும் தடம் முழுக்கப் பிள்ளைகளின் கண்முன் விரியும். இதற்காகவே இரண்டு முறை போய்வரச் சொல்வார்கள், போய்வரலாம்.

கோபே ஏமாற்றுவதும் இதே ரயிலால்தான். சன்னோமியாவிலிருந்து ஜே.ஆர். விரைவு ரயிலில் கியோட்டோவுக்கு ஐம்பது நிமிடம்தான் என்று யாராவது சொல்வார்கள். சொல்வது உண்மை. ஆனால் கியோட்டோ நிலையத்தில் இறங்கிய பிறகுதான் வேலையே ஆரம்பம். கோயில்கள் ஊரெங்கும் சிதறிக் கிடக்கின்றன, நகரப் பேருந்துகளில் நிற்க இடமிருக்காது. குடும்பத்தோடு போனால் ஒரு கோயிலைப் பார்த்துவிட்டு, கப்பல் போய்விடுமோ என்ற பதற்றத்தோடு திரும்புவதுதான் நடக்கும். கியோட்டோவைப் பார்க்க ஆசை இருந்தால் பயணத்துக்கு முன்னாலோ பின்னாலோ இரண்டு இரவு தங்கிப் பாருங்கள். வெளியூர் போயே தீர வேண்டும் என்றால் எதிர்த் திசையில் ஹிமேஜி. நாற்பது நிமிடம். நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே நேர்சாலையின் கோடியில் வெள்ளைக் கோட்டை தெரியும். கோட்டைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுச் செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டும். முடியாதவர்கள் வெளி முற்றத்திலிருந்தே பார்க்கலாம்.

ஊரை விட்டு எங்கும் போகாமல் கோபேயிலேயே ஒரு நாளைக் கழிப்பதுதான் சரி. கிடானோ பகுதியில் பழைய வெளிநாட்டு வணிகர்களின் வீடுகள் இருக்கின்றன. அதே மேட்டில் 1985-ல் கட்டிய சமணக் கோயில் ஒன்று. கீழே 1935-ல் எழுந்த, ஜப்பானின் முதல் மசூதி. அதைக் கட்ட இந்திய வணிகர்களும் பணம் போட்டார்கள். பல தலைமுறைகளாக இந்தியக் குடும்பங்கள் வாழ்கிற ஊர் இது. அதனால்தான் மரக்கறி உணவுக்கு இந்த மூன்று ஊரில் கோபேயை மிஞ்ச ஆளில்லை. ஜப்பானில் மரக்கறிக்காரர்களுக்குச் சிக்கல் இறைச்சியை விட 'தாஷி'தான். காய்ந்த மீன் துருவலில் எடுக்கும் சாறு அது. பார்த்தால் வெறும் காய்கறிச் சூப்பாகவும் டோஃபுவாகவும் இருப்பதிலும் கலந்திருக்கும். கிடானோவிலும் சன்னோமியாவிலும் உள்ள இந்திய உணவகங்களில் அந்தக் கவலை இல்லாமல் பருப்பும் சப்பாத்தியும் சாப்பிடலாம். வீட்டில் கறாரான சைவம் என்றால் நாகசாகியைத் தள்ளிவைத்துவிட்டு கோபேயை முதலில் போடுங்கள்.

ஷின்-கோபே ரயில் நிலையத்துப் பக்கத்திலிருந்து கிளம்பும் ரோப்வே, மூலிகைத் தோட்டத்துக்கு ஏறும்போது அருவியும் துறைமுகமும் தெரியும். பெரியவர்களுக்கும் அலுப்பில்லாத இடம். மாலையில் மெரிக்கன் பூங்காவில் கரையோரம் ஒரு சிறு பகுதியைத் தேடிப் பாருங்கள். 1995 ஜனவரி 17 விடிகாலை வந்த நிலநடுக்கத்தில் உடைந்த கரைச் சுவரும் சாய்ந்த விளக்குக் கம்பங்களும் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுற்றிலும் புதிதாக எழுந்து நிற்கும் ஊரைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் மட்டும் கோபேயை விட ஒசாகா மேல். கப்பல் நிற்கும் டெம்போசான் துறைக்குப் பக்கத்திலேயே கையூகான் மீன் காட்சியகம். திமிங்கலச் சுறா நீந்தும் மாபெரும் தொட்டியைச் சுற்றிச் சுற்றி இறங்கிவரும் பாதை. ஒரு நாள் அங்கேயே போய்விடும், போகட்டும்.

ஹகோடதே

வடக்கே ஹொக்கைடோ தீவின் ஹகோடதேயில், வாகாமாட்சு துறையில் கப்பல் நின்றால் ரயில் நிலையமும் காலைச் சந்தையும் சில நிமிட நடை. தூரம் என்ற கணக்கில் நாகசாகியையும் மிஞ்சும். ஜூலை, ஆகஸ்டில் தெற்கு ஜப்பான் புழுங்கித் தள்ளும்போது இங்கே காற்று இதமாக இருக்கும். பள்ளிக் கோடை விடுமுறையில் போகும் சிங்கப்பூர், வளைகுடாத் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சந்தையில் தொட்டியிலிருந்து பிள்ளைகளே தூண்டில் போட்டுக் கணவாய் பிடிக்கலாம், உடனே வெட்டித் தட்டில் வைத்துத் தருவார்கள். அசைவக் குடும்பங்களுக்கு அது கொண்டாட்டம். மற்றவர்கள் அந்தப் பக்கம் போகாமல் டிராம் பிடித்து கோர்யோகாகு போகலாம். 1860-களில் ஐந்து முனை நட்சத்திர வடிவில் கட்டி முடித்த கோட்டை அது. தரையில் நின்றால் அகழியும் மண்மேடும்தான் தெரியும். பக்கத்தில் உள்ள 107 மீட்டர் கோபுரத்தில் ஏறினால்தான் நட்சத்திரம் முழுதாகக் கண்ணில் படும். இங்கே செர்ரி பூப்பது ஏப்ரல் கடைசியில், டோக்கியோவில் பூ முடிந்து வெகுநாள் ஆன பிறகு.

ஊரின் பெரும் புகழ் 334 மீட்டர் ஹகோடதே மலையிலிருந்து தெரியும் இரவுக் காட்சி. மாலை ஐந்துக்குக் கிளம்பும் கப்பலில் வந்தால் கோடையில் அதைப் பார்க்க வழியே இல்லை. இரவு பத்து வரை நிற்கும் பயணமா என்று முன்பதிவுக்கு முன்னாலேயே பாருங்கள். அக்டோபர் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், அப்போது ஆறரை ஏழுக்குக் கிளம்பும் கப்பல் கூடப் போதும். நாகசாகியின் இனாசா மலை இரவுக் காட்சிக்கும் கப்பல் கிளம்பும் நேரத்தை இப்படிப் பாருங்கள், அங்கே பொழுது இன்னும் தாமதமாகச் சாயும்.

இரவுக் காட்சியை எடுத்துவிட்டால் ஹகோடதே சின்ன ஊர். நிம்மதியான அரை நாள், அவ்வளவுதான். மூன்றில் இதைக் கடைசியில் வைப்பது அதனால்தான்.

யோகோஹாமாவும் ஷிமிசுவும்

யோகோஹாமா பலருக்குக் கப்பல் ஏறும் ஊர் என்பதால் போட்டியில் சேர்க்கவில்லை. ஆனால் முந்தைய நாளே வந்து தங்குங்கள். யமாஷிதா பூங்காவில் இந்தியத் தண்ணீர்க் கோபுரம் என்று குவிமாடத்தோடு ஒரு சிறு மண்டபம் நிற்கிறது. 1923 பெரும் நிலநடுக்கத்தில் தங்களுக்கு உதவிய ஊராருக்கு நன்றியாக இந்திய வணிகர்கள் 1939-ல் கட்டிக்கொடுத்தது. அந்தப் பூங்காவே நிலநடுக்க இடிபாடுகளைக் கடலில் கொட்டி உருவாக்கியதுதான்.

ஷிமிசுவில் இறங்குவதே ஃபுஜிக்காக. அது வானத்தின் கையில் இருக்கிறது. குளிர்காலத்தில் பெரும்பாலும் தெளிவு, கோடையில் பெரும்பாலும் மேகம். தெளிவாக இருந்தால் கப்பல் மேல்தளத்திலிருந்தே 3,776 மீட்டரும் தெரியும், மலையடிவாரத்துக்குப் போக வர மணிக்கணக்கில் பேருந்தில் பிள்ளைகளை உட்காரவைக்கத் தேவையில்லை. மிஹோ பைன் கடற்கரை வரை போய்வந்தால் போதும்.

பதிவு செய்யும் முன்

ஒரே ஊரில் துறைகள் பல உண்டு, கப்பல் எதில் நிற்கும் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. யோகோஹாமாவில் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாத உயரமான கப்பல்கள் ஊருக்கு வெளியே டைகோகு துறையில் நிற்கும். ஹகோடதேயிலும் சில கப்பல்கள் தொலைவான மினாட்டோச்சோ துறைக்குப் போகும். துறைமுக நிர்வாகங்கள் எந்த நாள் எந்தக் கப்பல் எந்தத் துறை என்ற அட்டவணையை இணையத்தில் வெளியிடுகின்றன. பயண ஏஜெண்டிடம் துறையின் பெயரைக் கேளுங்கள், ஊரின் பெயரைச் சொல்லி மழுப்பினால் நீங்களே தேடிப் பாருங்கள்.

ஜப்பானில் நுழையும் முதல் துறைமுகத்தில் பதினாறு வயது நிரம்பிய வெளிநாட்டவரிடம் கைரேகையும் படமும் எடுப்பார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்கும்போது வரிசை நீளும். அதனால் நாகசாகி உங்கள் பட்டியலில் முதல் ஜப்பானிய ஊராக வந்தால் ஒரு மணி நேரம் போனதாகவே கணக்கு வையுங்கள். சாண்ட்விச், பழம் என்று கப்பலிலிருந்து எடுத்துக்கொண்டு இறங்கவும் கூடாது. இறைச்சிக்கும் பழத்துக்கும் அங்கே கெடுபிடி அதிகம்.

இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஜப்பானிய ஊர்களுக்குள் மட்டுமே பயணிகளை ஏற்றி இறக்க வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்கு அனுமதி இல்லை. அதனால்தான் நடுவில் கொரியாவின் பூசானோ தைவானின் கீலுங்கோ வருகிறது. அங்கே போய்த் திரும்பும்போது ஜப்பானில் மறுபடி நுழைவதாகக் கணக்கு. ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதுமா, கொரியாவுக்கோ தைவானுக்கோ தனியாக என்ன வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனத்திடமும் தூதரகத்திடமும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கட்டுங்கள்.