குடும்பத்தோடு வாத்து வேட்டை: தட்டை அடிப் படகா, வி அடிப் படகா?

இரண்டும் அலுமினியத்தில் கிடைக்கும், வித்தியாசம் அடிப்பாகத்தில்: ஒன்று தட்டை, மற்றது ஆங்கில V எழுத்து போலக் கூர்ந்தது. தட்டை அடிப் படகு முழங்கால் ஆழத் தண்ணீரிலும் நாணல் இடுக்கிலும் நுழையும். நின்ற இடத்தில் அதிகம் ஆடாது, பிள்ளைகள் ஏறி இறங்கச் சுலபம். ஆனால் திறந்த ஏரியில் காற்று கிளம்பினால் அலை முகப்பில் அறையும். தாழ்ந்த விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வரும். வி அடி அலையைக் கிழித்துப் போகும், விளிம்பும் உயரம். கொஞ்சம் கூடுதல் ஆழம் வேண்டும், அவ்வளவுதான்.

சதுப்பு மட்டும் என்றால் தட்டை அடி போதும். பெரிய ஏரியைக் கடக்க வேண்டுமா? பிள்ளைகளோடு நான் வி அடியில்தான் ஏறுவேன்.

அப்புறம், எதுவானாலும் படகில் பதித்த தகட்டில் பொறித்த எடை வரம்பைப் பாருங்கள். வாத்துகளை ஈர்க்க மிதக்கவிடும் போலி வாத்துகளின் மூட்டை, நனைந்த நாய், மோட்டார் எல்லாம் அதில் சேரும். வேட்டைக் காலத்தில் தண்ணீர் கடும் குளிர். லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைக்காமல் எல்லோரும் மாட்டிக்கொள்ளுங்கள்.