காபி மிஷின் ஃபில்டர் ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்று 16,500 ரூபாய் ஏமாந்தேன், கொடைக்கானல் பக்கம் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

காபி மிஷினில் தண்ணீர் ஃபில்டரை எப்போது மாற்ற வேண்டும், ஏன் மாற்ற வேண்டும், ஏமாறாமல் எப்படி மாற்றுவது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததை முதலில் கொட்டிவிடாமல் என்னால் வேறு எதையும் எழுத முடியாது.

பெருமாள்மலைக்குப் பக்கத்தில் மூன்று அறை ஹோம்ஸ்டே நடத்துகிறோம். என் மாமியார் வீடு தாண்டிக்குடிப் பக்கம். சின்னக் காபித் தோட்டம், நடுவில் கமலா ஆரஞ்சும் மலைவாழையும். அத்தை தன் கையால் பழம் பறித்து, களத்தில் காயப்போட்டு, வறுத்து அனுப்பும் கொட்டையைத்தான் விருந்தாளிகளுக்குப் போடுகிறோம். எங்கள் அறையை விட அந்தக் காபியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்து அடுத்த வருடம் போன் செய்வார்கள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு மிஷின் வாங்கினோம். மேலே கொட்டையைப் போட்டு பட்டனைத் தட்டினால் அதுவே அரைத்து இறக்கிக் கொடுக்கும் வகை.

சித்திரை ஒன்று லீவுக்கு மூன்று அறையும் நிறைந்திருந்தது. நேற்று முன்தினம் காலை ஏழு மணிக்கு மிஷின் 'கர்ர்' என்று ஒரு சத்தம் போட்டது. கப்பில் நான்கு சொட்டு விழுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

தொட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த ஃபில்டரைப் பிடுங்கி எடுத்தேன். விரலில் வழவழவென்று பாசி ஒட்டியது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் குளத்து வாடை. வெள்ளையாக இருக்க வேண்டியது பழுப்பாகியிருந்தது. அதைத் திருப்பிப் பார்த்ததும் கையெல்லாம் நடுங்கிவிட்டது. மூடியின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. போன வருடம் மார்ச்சில் நானே ஃபில்டர் மாற்றியபோது, பக்கத்தில் நின்ற என் மகள் தன் நகப்பாலிஷால் வைத்த பொட்டு அது.

பதின்மூன்று மாதம். இடையில் நான்கு தடவை ஆள் வந்து "ஃபில்டர் மாத்தியாச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதற்கு நான் கொடுத்தது 16,500 ரூபாய்.

போன வருடம் மே மாதம் இது தொடங்கியது. அதுவரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நானே ஃபில்டர் வாங்கி மாற்றிக்கொண்டிருந்தேன். சீசன் நேரத்தில் தனியாளாகச் சமாளிக்க முடியவில்லை. வீட்டு வேலை, ரிப்பேர் வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு ஆப்பில் தேடியபோது, கீழே ஊரில் இருக்கும் ஒரு காபி மிஷின் சர்வீஸ் கடை வந்தது. கடை பெயரையும் ஆப் பெயரையும் எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். மறுநாளே ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, "வணக்கம் பாட்டி" என்று அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எனக்கு என் தம்பி ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு டம்ளர் கேட்டான். ஒன்றில் எங்கள் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும், பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரை விட்டான். 180-க்கு மேல் காட்டியது. "பாருங்கக்கா, லாரித் தண்ணி. மழைக் காலத்துல உங்க ஊத்துத் தண்ணி பால் மாதிரி இருக்கும். இப்ப இந்த உப்பு மிஷினுக்குள்ள போய் ஒட்டிக்கும்." அது உண்மைதான். எங்கள் மலையில் மழைத் தண்ணீர் கரும்பாறை மேல் ஓடி வருவதால் உப்பு ஏறுவதில்லை. கோடையில் லாரி வரும்போதுதான் கெட்டிலில் வெள்ளை படியும். அப்புறம் தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, "இது புது ஃபில்டர்ல இறங்கின தண்ணி" என்று இரண்டாவது டம்ளரில் ஊற்றினான். மீட்டர் 40-க்கு இறங்கியது. நான் வாயடைத்துப் போனேன்.

நேற்று மிஷினைத் திறந்த மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "அம்மா, இந்தக் கட்டைவிரல் மொத்த ஃபில்டர் டிடிஎஸ்ஸை ஒரேயடியா அப்படி இறக்காது. அவன் ஊத்தினது கேன் தண்ணி." அந்த மீட்டர் தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். மிஷினில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்புச் சத்து. அது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மிஷின் பெட்டியிலேயே வரும் சோதனைத் தாள் வேறு இருக்கிறது. அந்தத் தாள் என் மேசை டிராயரில் நான்கு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

வருட ஒப்பந்தம், அதாவது ஏஎம்சி, 16,500 ரூபாய் என்றான். ஆறு ஒரிஜினல் ஃபில்டர், இரண்டு தடவை உள்ளே உப்பு எடுப்பது, பம்ப் போனால் சும்மா மாற்றித் தருவது. "ஆப்புல கட்டினீங்கன்னா அவங்க கமிஷன் எடுப்பாங்கக்கா, எங்க ஓனர் நம்பருக்கே போட்டுடுங்க, ஆயிரம் ரூவா குறைச்சுத் தர்றேன்." 17,500 என்று ஆரம்பித்து 16,500-க்கு வந்தது இப்படித்தான். அங்கேயே போனில் அனுப்பிவிட்டேன்.

அதன்பிறகு அவன் செய்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. என் கண் முன்னாலேயே புது ஃபில்டர் பெட்டியைக் கிழித்து, வெள்ளை வெளேரென்று இருந்த ஃபில்டரைக் காட்டினான். "இதைத் தலைகீழா தண்ணியில அமுக்கிப் பிடிக்கணும்கா, குமிழி எல்லாம் போகட்டும்" என்றான். அதுவும் சரியான முறைதான், நானும் அப்படித்தான் செய்வேன். வேலை தெரிந்தவன் என்று நம்பிவிட்டேன். அதற்குள் அத்தை, "பையன் எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கான், முதல்ல சாப்பாடு போடு" என்றார். நான் அடுப்படிக்குப் போய் இலை போட்டுவிட்டுத் திரும்பியபோது தொட்டி மிஷினில் மாட்டியிருந்தது. ஃபில்டர் மாற்றச் சொல்லி எரியும் ஆரஞ்சு விளக்கு அணைந்திருந்தது. மேசை மேல் காலிப் பெட்டி. சாம்பாரும் ரசமும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, புது ஃபில்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

ஜூலை, செப்டம்பர், ஜனவரி என்று மூன்று முறை வந்தான். நவம்பரில் மழை, ரோடு சரியில்லை என்றான். ஒவ்வொரு முறையும் ஒரு காலிப் பெட்டி மிஞ்சியது, விளக்கு அணைந்தது.

விளக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏமாந்தது அதனால்தான். ஃபில்டர் கெட்டுவிட்டதா என்று அந்த விளக்குக்குத் தெரியாது. அது தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இத்தனை நாள் ஆகிவிட்டது, அல்லது இத்தனை லிட்டர் ஓடிவிட்டது என்று கணக்கு மட்டும் வைத்துக்கொள்ளும். பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். உள்ளே பழைய ஃபில்டர் இருந்தாலும் சரி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி.

டிசம்பரிலிருந்தே காபியில் ஏதோ ஒரு வாடை. ஒரு விருந்தாளி, "என்னம்மா, மண் வாசம் அடிக்குதே" என்று கேட்டார். நான் தாண்டிக்குடிக்குப் போன் செய்து, "அத்தை, இந்தத் தடவை களத்துல சரியாக் காயலையா, ஈரத்தோட மூட்டை கட்டிட்டீங்களா" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மூட்டைக்கு எழுபது வயதில் வெயிலில் குனிந்து நின்று கூடுதலாக நான்கு நாள் காயப்போட்டு அனுப்பினார். அப்போதும் அதே வாடை. நேற்று அந்த ஃபில்டரை அவர் கையில் கொடுத்தபோது முகர்ந்து பார்த்துவிட்டு, "அப்ப என் காபி இல்லை" என்று மட்டும் சொன்னார். 16,500 ரூபாயை எப்படியாவது சம்பாதித்துவிடலாம். அந்த நான்கு நாள் வெயிலை நான் யாரிடம் திருப்பி வாங்குவது?

நேற்று முன்தினம் காலையிலேயே கடைக்குப் போன் போட்டேன். முதலில், "சார் வெளியூர் போயிருக்காரு மேடம்." மதியம், "அந்தப் பையன் வேலையை விட்டுப் போயிட்டான், அவன்கிட்டதான் கேக்கணும்." சாயங்காலம் ஓனரே பேசினார். "மேடம், லைட் அணைஞ்சுதா இல்லையா? அணைஞ்சா மாத்தியாச்சுன்னுதான் அர்த்தம். உங்க தண்ணி சரியில்லைன்னா நாங்க என்ன பண்றது?" நகப்பாலிஷ் பொட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். "பொட்டு யார் வேணா வைக்கலாம்" என்று பதில் வந்தது. சரி, ஒப்பந்தப்படி பம்ப்பையாவது மாற்றிக் கொடுங்கள் என்றால், "சீசன்ல மேல வர்றதுக்கு இ-பாஸ் கிடைக்கலை மேடம்" என்கிறார். இ-பாஸ், அதாவது கொடைக்கானலுக்கு வண்டியில் வர வாங்கும் அனுமதி, 2024 மே 7-லிருந்து இருக்கிறது. போன வருடம் பணம் வாங்க வந்தபோதும் இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என் நம்பரைத் தடுத்துவிட்டார்கள்.

ஆப்காரர்களுக்கு நாற்பது நிமிடம் லைனில் காத்திருந்தேன். "நீங்க எங்க மூலமா பணம் கட்டலையே மேடம், அதனால இது எங்க பொறுப்பு கிடையாது." அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய் குறைத்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

மெக்கானிக் அண்ணன் மிஷினைத் திறந்து காட்டினார். தண்ணீர் சூடாகும் பாகத்தின் உள்ளே கெட்டியாக வெள்ளைக் காரை பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பாளம் பாளமாக வந்தது. ஃபில்டர் அடைத்துக்கொண்டதால் தண்ணீரை இழுத்து இழுத்து பம்ப்பும் கருகிவிட்டது. இரண்டையும் மாற்ற 9,400 ரூபாய். 16,500 போனது தனி, அதற்கு மேல் இது.

உள்ளே நடப்பது இதுதான். ஃபில்டரில் இரண்டு பொருள் இருக்கிறது. சின்ன மணி மணியாக ரெசின், அது தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். கூடவே கரி, அது குளோரினையும் வாடையையும் எடுக்கும். ரெசினுக்கு ஒரு கொள்ளளவு உண்டு. அது நிறைந்ததும் தண்ணீர் அப்படியே உள்ளே போகும், சூட்டில் படியும். மாதக்கணக்கில் ஈரத்திலேயே கிடக்கும் கரியில் கிருமி வளரும். அதனால் மிஷினை அதிகம் ஓட்டாவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

என் மிஷினுக்கு 50 லிட்டர் அல்லது இரண்டு மாதம், எது முதலில் வருகிறதோ அது. சாதாரண நாளில் எட்டு கப், கழுவுவதையும் சேர்த்தால் ஒரு லிட்டருக்குள், இரண்டு மாதம் சரியாக வரும். மே மாதத்தில் இருபத்தைந்து கப் போனால் நாளுக்கு மூன்று லிட்டர். பதினேழு நாளில் தீர்ந்துவிடும். இந்தக் கணக்கைக்கூட நான் இத்தனை நாள் போட்டுப் பார்க்கவில்லை.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன். இரண்டு அறைக்கு ஆள் வந்து நிற்கிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஃபில்டரை நீங்களே மாற்றுங்கள், ஐந்து நிமிட வேலை. அழியாத மார்க்கரில் தேதி எழுதுங்கள். ஆள் வந்து மாற்றினால் பக்கத்திலேயே நில்லுங்கள், சாப்பாடு பிறகு போடலாம். பழைய ஃபில்டரை உங்கள் கையில் கேட்டு வாங்குங்கள், காலிப் பெட்டியை நம்பாதீர்கள். புதிதை மாட்டியதும் அரை லிட்டர் சும்மா ஓட்டிக் கொட்டிவிடுங்கள். லாரித் தண்ணீர் வரும் மாதங்களில் சோதனைத் தாளைப் போட்டுப் பாருங்கள். ஆப்புக்கு வெளியே ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வருடப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுக்கலாம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. திண்டுக்கல் போகப் போகிறேன். பண்ணைக்காடு, பெருமாள்மலை, கொடைக்கானல் பக்கம் யாராவது இதே மாதிரி ஏஎம்சி போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போகும் பையன் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே கொடுப்போம். இன்றைக்கே தொட்டியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபில்டர் பழசாக இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள், ஒரு கவரில் கட்டி பில்லோடு வையுங்கள்.