லியோன் விளக்கு விழா: கூட்டத்துக்குள் போவதா, குன்றேறுவதா?

டிசம்பர் 8-ஐ ஒட்டி நான்கு இரவுகள் பிரான்ஸின் லியோன் நகரம் தூங்காது. முதல் தடவை போகிறவர்கள் ஒரு முடிவை முன்கூட்டியே எடுத்துக்கொள்வது நல்லது. ரோன், சோன் என்ற இரு ஆறுகளுக்கு நடுவே நாக்குப் போல நீண்டு கிடக்கும் பிரெஸ்கில் பகுதியில் நின்று பிரமாண்ட ஒளிக்காட்சிகளைப் பார்ப்பதா? இல்லை, குன்றுப் பக்கம் போய் ஊர்க்காரர்கள் ஜன்னலில் ஏற்றும் சின்ன விளக்குகளைப் பார்ப்பதா? ஒரே இரவில் இரண்டும் ஆகாது. கூட்டம் விடாது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஃபூர்வியேர் குன்றில், சிற்பி ஃபாபிஷ் வடித்த மாதா சிலையை 1852 செப்டம்பர் 8 அன்று திறந்துவைக்க ஏற்பாடாகியிருந்தது. சோன் பெருக்கெடுத்துப் பட்டறைக்குள் வெள்ளம் புகுந்ததால் விழா டிசம்பர் 8-க்குத் தள்ளிப்போனது. அன்றைக்கும் வானம் கறுத்துவிட்டது, வாணவேடிக்கை நடக்குமா என்பதே சந்தேகம். பொழுது சாய்ந்தபோது வானம் வெளுக்க, யாரும் சொல்லாமலே வீட்டுக்கு வீடு ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. நகராட்சியின் நான்கு நாள் ஒளி விழா மிகவும் இளையது, 1999-இல்தான் இந்த வடிவத்துக்கு வந்தது.

முதலில் பிரெஸ்கில். தெரோ சதுக்கத்தில் நகரமன்றச் சுவரும் அருங்காட்சியகச் சுவரும் திரையாகிவிடும். கல் கட்டடம் உருகுவது போலவும் இடிவது போலவும் கண்ணைக் கட்டுவார்கள். அங்கேயுள்ள குதிரை நீரூற்றைச் செய்தவர் பார்த்தோல்தி, அமெரிக்க சுதந்திர தேவி சிலையை வடித்த அதே ஆள். சோன் ஆற்றைத் தாண்டினால் சென் ழான் பேராலயத்தின் முகப்பிலும் காட்சி உண்டு. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடக்கும் திசையைக்கூட நீங்கள் தீர்மானிக்க முடியாது. தெருக்களை ஒருவழியாக்கியிருப்பார்கள், நுழைவில் பையைத் திறந்து காட்ட வேண்டும், அரை கிலோமீட்டர் நகர்வதற்குள் கால் விறைத்துவிடும். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

குன்றுப் பக்கம் வேறு உலகம். அங்கே விளக்குக்கு லுமினியோன் என்று பெயர்: வரிவரியாகப் பள்ளம் விழுந்த கண்ணாடிக் கோப்பை, உள்ளே குட்டை மெழுகுவத்தி. டிசம்பர் 8 மாலை பேராலயத்திலிருந்து ஃபூர்வியேருக்கு ஊர்வலம் ஏறும். குன்றின் சரிவில் ‘மேர்சி மரி’, அதாவது ‘நன்றி, மரியே’ என்ற எழுத்துகள் ஒளிரும். பக்தி இல்லாதவர்களும் ஜன்னலில் விளக்கு வைப்பதுண்டு, லியோன்காரர்களுக்கு அது ஊர்ப் பாசம். ஒன்றைக் கவனியுங்கள்: ஒளிக்காட்சி நான்கு நாளும் நடக்கும், ஜன்னல் விளக்கு 8-ஆம் தேதிக்கு மட்டும்தான். வெள்ளி, சனி பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் பல வருடங்களில் அசல் வழக்கத்தைத் தவறவிடுகிறார்கள்.

எதில் போவது? மெட்ரோ டி வரிசை ஓட்டுநர் இல்லாமல் ஓடுவது, வழக்கமான நாளில் அதை மிஞ்ச எதுவுமில்லை. விழா இரவுகளில் நெரிசல் மையத்தில் உள்ள சில நிலையங்களில் அது நிற்காமலே போகும். அந்தந்த வருட அறிவிப்பைப் படிக்காமல் கிளம்பாதீர்கள். ஃபூர்வியேருக்கு வியூ லியோன் நிலையத்திலிருந்து கேபிள் ரயில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை ‘ஃபிஸெல்’, கயிறு என்பார்கள். இருட்டிய பிறகு அதற்கு வரிசையில் நிற்பது வீண். ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். நாலு மணிக்குள் கயிற்றில் ஏறி, மேலிருந்து நகரம் ஒளிர்வதைப் பார்த்துவிட்டு, படிக்கட்டுச் சந்துகள் வழியாக நடந்து இறங்குவதே என் யோசனை. முழங்கால் வலிக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

வாடகை மிதிவண்டியை இந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வெலோவ் 2005-இல் வந்தது, பாரிஸின் வெலிப்புக்கு இரண்டு வருடம் மூத்தது. ரோன் கரையோரமாக ஓட்ட அருமை. விழா இரவில் பிரெஸ்கிலுக்குள் அதை உருட்டத்தான் முடியும்.

பிரெஸ்கில், ஃபூர்வியேர் இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது வழி உண்டு, என் ஓட்டு அதற்கே: குருவா ரூஸ். ஃபூர்வியேர் ‘பிரார்த்திக்கும் குன்று’ என்றால் இது ‘உழைக்கும் குன்று’. கனூ எனப்படும் பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த இடம். ஜாக்கார் என்ற உயரமான நெசவுத் தறி நிற்க வேண்டுமென்று கூரையை நான்கு மீட்டர் உயரத்துக்கு எழுப்பினார்கள். 1831-இல் கூலிக்காகக் கிளர்ந்து எழுந்ததும் இவர்கள்தான். மெட்ரோ சி வரிசை பற்சக்கரம் பிடித்து இந்த மேட்டில் ஏறும். நடுவே குருவா பாக்கே நிலையத்தின் நடைமேடையே சாய்ந்திருக்கும், நின்று பார்த்தால் தலை சுற்றும். ஜன்னல் விளக்குகளும் இங்கே உண்டு, கூட்டம் பிரெஸ்கில் அளவுக்கு இராது. கட்டடங்களுக்குள் புகுந்து அடுத்த தெருவில் வெளிவரும் த்ரபூல் என்ற நடைவழிகளைப் பகலிலேயே பார்த்துவிடுங்கள். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் கூடாது.

சாப்பாட்டுக்கு பூஷோன் என்னும் ஊர் உணவகங்கள். பன்றி, குடல், மாட்டிறைச்சிதான் பெரும்பாலும். சைவர்களுக்கு ‘செர்வேல் த கனூ’ உண்டு. ‘நெசவாளர் மூளை’ என்ற பெயரைக் கேட்டு ஓடாதீர்கள், பூண்டும் பச்சிலையும் கலந்த தயிர்ப் பாலாடைக்கட்டிதான். விழா நாளில் முன்பதிவு இல்லாமல் மேசை கிடைப்பது கஷ்டம்.

பாரிஸிலிருந்து டி.ஜி.வி. அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்தான், அன்றே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் கடைசி வண்டியின் நேரத்தை முதலில் பாருங்கள், அது நள்ளிரவு வரை காத்திருக்காது. தங்குவதென்றால் ஜன்னலுக்கு வெளியே விளிம்பு உள்ள அறையாகப் பாருங்கள். சூப்பர் மார்க்கெட்டில் லுமினியோன் கட்டுக்கட்டாக விற்கும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, 8-ஆம் தேதி மாலை நீங்களும் நாலு விளக்கு வையுங்கள்.