கையால் கட்டிய விமானத்துக்கு ஒரு ரிமோட் ஐடி மாட்யூல்

டாலர் ட்ரீ கடை ஃபோம் போர்டில் இறக்கை வெட்டி, ஹாட் க்ளூ ஒட்டி, மோட்டார் மாட்டி ரிமோட்டில் பறக்கவிடுகிற கூட்டம் நாங்கள். டாலஸுக்கு வடக்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் சிலர் உண்டு. புதிதாகச் சேரும் தம்பிகள் முதலில் கேட்பது, “அண்ணே, அந்த ரிமோட் ஐடி பெட்டியை வாங்கித்தான் ஆகணுமா?” என்பதுதான். விமானம் பறக்கும்போதே அதன் அடையாள எண், இருக்கும் இடம், உயரம் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் இருப்பவர் போனில் பார்க்கும்படி பரப்புகிற சின்ன மாட்யூல் அது. பல மாதமாக அதை மாட்டிப் பறக்கவிடுகிறேன். என் அனுபவத்தை எழுதிவிடுகிறேன். பிராண்ட் பெயர் மட்டும் வேண்டாம். என் கையில் இருப்பது ஒரே ஒரு பெட்டி, அதை வைத்து ஒரு கம்பெனியை எடைபோடுவது நியாயம் இல்லை.

பெரும்பாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் விமானம் 250 கிராமுக்குக் குறைவாக இருந்தால் பதிவும் வேண்டாம், ரிமோட் ஐடியும் வேண்டாம். அதற்கு மேல் போனால் இரண்டும் வேண்டும். விதி 2023 செப்டம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. கடைகளில் மாட்யூல் கிடைக்கவில்லை என்று எல்லாரும் புலம்பியதால் 2024 மார்ச் 16 வரை அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. விட்டுப்பிடித்தது, அவ்வளவுதான். கடையில் வாங்கும் புது டி.ஜே.ஐ. டிரோன்களில் இது உள்ளேயே வருகிறது. நாம் கட்டுவதில் எப்படி வரும்? ஒன்று, தனியாக மாட்யூல் மாட்ட வேண்டும். இல்லையென்றால் எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மைதானத்துக்குள் மட்டும் பறக்க வேண்டும். மாதிரி விமானப் பிரியர்களின் சங்கமான ஏ.எம்.ஏ.வின் கிளப் மைதானங்கள் பலவற்றுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறது. கிளப்பில் சேர வசதி இருந்தால் அதுவே நல்ல வழி. எனக்கு வாய்த்தது தெரிந்தவர் ஒருவரின் வைக்கோல் வயல், அதனால் மாட்யூல்.

பெட்டி உள்ளங்கைக்குள் அடங்குகிறது. உள்ளே சொந்த பேட்டரி, சொந்த ஜி.பி.எஸ்., புளூடூத். யு.எஸ்.பி.-சி வழியாக சார்ஜ் ஏறும். விமானத்தின் வயரிங்கைத் தொடவே வேண்டாம், வெல்க்ரோ போட்டு ஒட்டினால் போதும். நான் இந்த வகையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான். பொழுதுபோக்காகப் பறக்கவிடுகிறவர் ஒரே மாட்யூலைத் தன் எல்லா விமானங்களுக்கும் மாற்றி மாற்றி மாட்டலாம். ஐந்து டாலர் கட்டி மூன்று வருடத்துக்கு எடுக்கும் பதிவில் அந்த மாட்யூல் எண்ணையும் சேர்த்திருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு படம் எடுப்பவர்களுக்குக் கதை வேறு. ஒவ்வொரு டிரோனுக்கும் தனிப் பதிவு, மாட்யூலை மாற்றினால் எண்ணையும் பதிவில் மாற்ற வேண்டும். அவர்கள் இதைப் போல ஒன்றை வைத்து ஓட்டுவது சிரமம்.

வாங்கும் முன் எஃப்.ஏ.ஏ.வின் இணக்க அறிவிப்புப் பட்டியலில் (விதிக்கு ஒத்துப்போகிறது என்று தயாரிப்பாளர் அறிவித்த மாடல்களின் பட்டியல்) அந்த மாடல் ஏற்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் “ரிமோட் ஐடி” என்று எழுதி விற்பதெல்லாம் அதில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பெட்டி வந்ததும் சீரியல் எண்ணை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். முதல் நான்கு எழுத்து தயாரிப்பாளரின் குறியீடு, ஐந்தாவது அதற்குப் பின்னால் எத்தனை எழுத்து வருகிறது என்பதைச் சொல்லும். அந்தத் தரத்தில் ஆங்கில ‘ஓ’, ‘ஐ’ இரண்டுக்கும் இடமே இல்லை. அப்படித் தெரிந்தால் அது பூஜ்யம் அல்லது ஒன்று.

அப்புறம், போனில் டிரோன் ஸ்கேனர் என்ற இலவச ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். செக் நாட்டு டிரோன்டேக் கம்பெனி தருவது. அருமையான ஆப், மாட்யூல் வாங்குகிறவர் எல்லாரும் வைத்திருக்க வேண்டும். நம் பெட்டி உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்க்க எனக்கு இதைவிட எளிய வழி தெரியவில்லை. ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதில் போடுங்கள். ஐபோனில் ஆப்பிளின் கட்டுப்பாட்டால் வைஃபை வழியாக வரும் ரிமோட் ஐடியைப் பிடிக்க முடியாது. திரையில் விமானத்தின் புள்ளி நகர்வதும், வேகமும், உயரமும் நொடிக்கு நொடி வருகின்றன. உயரம் மட்டும் நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ஜி.பி.எஸ். உயரம் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுவதில்லை. அலாஸ்கா, ஹவாய் போக மீதி அமெரிக்காவில் அது எப்போதும் கடல்மட்டக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

இனி எனக்குப் பெரிய குறை. மாட்யூல் பரப்பும் தகவலில் விமானம் கிளம்பிய இடமும் உண்டு. விதியே அதைக் கேட்கிறது. ஆனால் என் பெட்டி, ஆன் செய்ததும் முதலில் ஜி.பி.எஸ். கிடைக்கும் இடத்தையே கிளம்பிய இடமாக எடுத்துக்கொள்கிறது. சந்தேகப்பட்டு ஒருநாள் வீட்டு வாசலிலேயே ஆன் செய்து, அணைக்காமல் வயலுக்கு எடுத்துப்போனேன். விமானம் மேலே போனதும் போனைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், “அப்பா, நம்ம தெரு தெரியுது. நம்ம வீடு மேலயே புள்ளி இருக்கு” என்றாள். வயலில் நிற்கும் யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்திருக்கலாம். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இது அந்தக் கம்பெனி திருத்தியே ஆக வேண்டிய விஷயம். அதுவரை வயலில் இறங்கிய பிறகே ஆன் செய்யுங்கள், கிளம்பும் முன் ஆப்பில் புள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

விதி எதற்கு என்று கேட்டால் எனக்குப் புரிகிறது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பாலிசேட்ஸ் தீயை அணைக்கக் கனடாவிலிருந்து வந்த விமானத்தின் இறக்கையில் ஒரு டிரோன் மோதி ஓட்டை போட்டது. தண்ணீர் கொட்ட வேண்டிய விமானம் தரையில் நின்றது. அப்படிப்பட்டவனைக் கண்டுபிடிக்க வழி வேண்டும். ஆனால் இதை ‘டிஜிட்டல் நம்பர் பிளேட்’ என்று சொல்வதை மட்டும் ஏற்க முடியவில்லை. கார் நம்பர் பிளேட்டைப் பார்த்து அது எந்த வீட்டிலிருந்து கிளம்பியது என்று வழிப்போக்கர் சொல்லிவிட முடியாது. பெயர், முகவரி எஃப்.ஏ.ஏ.விடம்தான் இருக்கின்றன, உண்மை. ஆனால் வீட்டுப் பின்கட்டிலிருந்து பறக்கவிடுகிறவருக்கு அந்தப் புள்ளியே முகவரி. இதே கவலையோடு ரேஸ்டேகுவாட்ஸ் என்ற கடை எஃப்.ஏ.ஏ. மீது வழக்குப் போட்டது. 2022 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. கிளம்பிய இடம் போலீஸுக்கு மட்டும் தெரியும்படி மாற்ற வேண்டும் என்பது என் ஆசை. வயலில் தனியாகப் பறக்கவிடும் பெண்களையும் பிள்ளைகளையும் நினைத்துத்தான் சொல்கிறேன்.

மாட்டும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியின் மேல்பக்கம் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஃபோம் இறக்கையில் பிரச்சினை இல்லை, கார்பன் ஃபைபர் தட்டுக்குக் கீழே வைத்தால் ஜி.பி.எஸ். தடுமாறும். ரிசீவர் ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள், இரண்டும் வேலை செய்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அதற்காக வால் நுனிக்குக் கொண்டுபோகாதீர்கள். பெட்டி எடை குறைவுதான், ஆனால் வாலில் ஏறும் கொஞ்ச எடை சி.ஜி.யை, அதாவது விமானத்தின் எடை மையத்தை, பின்னால் இழுத்துவிடும், அதைச் சரிக்கட்ட மூக்கில் ஈயம் வைக்க வேண்டி வரும். நான் இறக்கையின் நடுவில், பேட்டரிக்குச் சற்றுப் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.

இன்னொரு குறை அந்த விளக்கு. ஜி.பி.எஸ். கிடைத்ததும் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுகிறது. டெக்சாஸ் மத்தியான வெயிலில் அது எரிகிறதா என்றே தெரியவில்லை. கையைக் குவித்து நிழல் கொடுத்துத்தான் பார்க்கிறேன். ஒரு சின்ன ‘பீப்’ ஒலி வைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

250 கிராம் தாண்டிய விமானங்களை இரண்டு மூன்றாகக் கட்டி வைத்திருக்கும் தம்பிகள் இந்த வகைப் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். ஒரே விமானம், அதுவும் எடை எல்லையை ஒட்டி இருந்தால், சின்ன பேட்டரி போட்டு 250க்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள், காசு மிச்சம். கண்ணில் படாத தூரத்துக்குப் பறக்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும் வாங்க வேண்டாம். மாட்யூல் மாட்டிப் பறக்கவிடுகிறவர் விமானத்தைக் கடைசிவரை தன் கண்ணால் பார்க்க முடிய வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது.