கோல்ஃப் டிரைவரின் தண்டில் இருபது கிராம் குறைத்தால் எவ்வளவு தூரம் கூடும்?

கோல்ஃபில் பந்தைத் தூரமாக அடிக்கும் நீளமான மட்டைதான் டிரைவர். என்னிடம் இரண்டு டிரைவர்கள் இருக்கின்றன. ஒன்று 46 அங்குலம்; அதன் கிராஃபைட் தண்டு 47 கிராம். மற்றது 44.5 அங்குலம், தண்டு 67 கிராம். முதலாவதை வாங்க வைத்தது தூரத்தின் மீதிருந்த ஆசை. இரண்டாவதை வாங்க வைத்தவை புதருக்குள் தொலைந்த பந்துகள். ஒருநாள் இரண்டின் முகத்திலும் வெள்ளைப் பவுடரைத் தெளித்துக்கொண்டு மாறி மாறி அடித்துப் பார்த்தேன். நீளமான மட்டையின் முகத்தில் பந்தின் தடங்கள் அம்மைத் தழும்புபோலச் சிதறிக் கிடந்தன. நுனிப் பக்கம் சில, தண்டை ஒட்டிச் சில, கீழ் விளிம்பில் ஒன்று. குட்டையானதிலோ பெரும்பாலான தடங்கள் நடுவை ஒட்டியே நெருங்கி விழுந்திருந்தன.

முதலில் எடையைப் பார்ப்போம். டிரைவரின் தலை ஏறக்குறைய 200 கிராம், கைப்பிடி 50 கிராம். மீதி தண்டு. விளம்பரங்கள் இலகுவான தண்டைத்தான் தூக்கிப் பிடிக்கின்றன. எடை குறைந்தால் வேகம் கூடும் என்பது பொய்யும் அல்ல. ஆனால் தண்டின் எடை முழுவதும் நுனியில் இல்லை, நீளம் நெடுகப் பரவியிருக்கிறது. கைப்பிடியை மையமாக வைத்துச் சுழலும் சீரான கம்பி என்று கணக்கிட்டால், தண்டில் குறைக்கும் 20 கிராம் தலையில் ஏழு கிராமைக் குறைப்பதற்குத்தான் சமம். ஆகவே கிடைப்பதும் கொஞ்சம்தான். என் கையில் அது மணிக்கு ஒன்றிரண்டு மைலைத் தாண்டியதில்லை. தலையின் வேகத்தில் ஒரு மைல் கூடினால் பந்து இரண்டரை கஜம் கூடுதலாகப் போகும் என்பது பொதுவான கணக்கு.

அந்த ஐந்து கஜத்துக்கு என்ன கொடுக்கிறோம்? மணிக்கு 95 மைல் வேகத்தில் நடுமுகத்தில் பட்டால் பந்து ஏறத்தாழ 140 மைல் வேகத்தில் கிளம்பும். அதே வேகத்தில் நடுவை விட்டு விலகிப் பட்டு, பெருக்கம் (பந்தின் வேகம் தலையின் வேகத்தைப்போல எத்தனை மடங்கு என்பது) 1.48 இலிருந்து 1.42 ஆகக் குறைந்தால் 135 மைல்தான். கனமான தண்டுடன் 93 மைல் வேகத்தில் அடித்து நடுவில் பட்டாலோ 137 மைலுக்கு மேல் கிடைக்கும். மெதுவாக அடித்தவர் முந்திவிடுகிறார். திசையும் சேர்ந்து கெடுகிறது. 250 கஜம் போகும் பந்து ஒரு பாகை விலகிக் கிளம்பினாலே நான்கு கஜத்துக்கு மேல் தள்ளிப் போகும். அது வளைந்து போகும் தூரம் இதில் சேராது.

கனமான தண்டு ஏன் பலருக்கு நேராகப் போகிறது? கை அவசரப்பட முடியாது என்பதுதான் எனக்குத் தெரிந்த காரணம். இலகுவான மட்டையில் மேலிருந்து கீழே வரும்போது மணிக்கட்டு முந்திக்கொள்கிறது. ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. மெதுவாக ஸ்விங் செய்பவர், வயது காரணமாகத் தோளில் பலம் குறைந்தவர் ஆகியோருக்கு 65 கிராம் தண்டு பத்தாவது குழியிலேயே சுமையாகிவிடும். அவர்களுக்கு 45 முதல் 50 கிராம்தான் சரி.

நீளத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: குட்டைதான். எதிர்வாதமும் வலுவானதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஃபில் மிக்கெல்சன் 2021 இல் 48 அங்குலத்தைத் தொட்டுவிடும் டிரைவருடன் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்றார், அதுவும் 50 வயதில். அடுத்த ஆண்டு முதல், போட்டி நடத்துபவர்கள் விரும்பினால் 46 அங்குலமே வரம்பு என்று வைத்துக்கொள்ள விதி இடம் கொடுத்தது. மறுபக்கம் டைகர் வுட்ஸ் 1997 மாஸ்டர்ஸ் போட்டியை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றது 43.5 அங்குல ஸ்டீல் தண்டு டிரைவரால். இந்த இருவரின் கையும் நமக்கு இல்லை; சறுக்கினால் எந்த மட்டை குறைவாகத் தண்டிக்கும் என்பதே நம் கேள்வி.

குட்டையாக்குபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங் வெயிட், அதாவது வீசும்போது தலை கைக்கு எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு, ஏறக்குறைய மூன்று புள்ளி இறங்கும். அந்த அளவுகோலில் டி3 இருந்த மட்டை டி0 ஆகும். தலை எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியாது. ஒரு புள்ளிக்கு இரண்டு கிராம் வீதம் தலையில் ஈய நாடா ஒட்டினால் சரியாகும். தலை கனத்தால் தூரம் கூடும் என்று அதையே மேலும் மேலும் ஒட்டுபவர்களும் உண்டு. 200 கிராம் தலையை 210 ஆக்கினால், வேகம் குறையாமல் இருந்தால், பந்தின் வேகம் ஒரு சதவீதம்கூடக் கூடாது. வேகமோ குறையத்தான் செய்யும்.

கடையில் அதிகம் பேசப்படுவது விறைப்பு: ரெகுலரா, ஸ்டிஃபா? இந்தப் பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃபாக இருக்கலாம். தலையின் எடைமையம் தண்டின் அச்சுக்குப் பின்னால் இருப்பதால், சுழலும்போது அது தண்டை முன்னோக்கி வளைக்கிறது. பந்தைத் தொடும் நேரத்தில் முகம் சற்று மேல்நோக்கி நிற்கும். மென்மையான தண்டு கூடுதலாக வளையும் என்பதால் பந்து உயரமாக, வலக்கை ஆட்டக்காரருக்கு இடப்பக்கமாகப் போகும் போக்கு உண்டு. அளவுக்கு மீறி விறைத்தால் தாழ்வாக, வலப்பக்கமாக. போக்கு என்றுதான் சொல்கிறேன். ஆளுக்கு ஆள் இது மாறும். பந்தும் முகமும் ஒட்டியிருப்பது அரை மில்லிவினாடி மட்டுமே. அந்த நேரத்தில் தண்டு எவ்வளவு விறைப்பானாலும் மோதலில் அதற்குப் பங்கில்லை.

அதனால் என் வரிசை: முதலில் நீளம், பிறகு எடை, கடைசியில் விறைப்பு. 46 அங்குல டிரைவரை விற்கவில்லை. கைப்பிடியில் ஒரு அங்குலம் இறக்கிப் பிடித்துப் பாருங்கள் என்று நண்பர்களிடம் அதைத்தான் முதலில் கொடுக்கிறேன்.