சரிவு ராடார்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

திறந்தவெளிச் சுரங்கத்தில் பாறைச் சரிவைக் கண்காணிக்கும் ராடாருடன் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் தயங்காமல் வாங்கச் சொல்வேன். ஆனால் அபாய மதிப்பீட்டை முழுக்க அதன் கையில் விட்டுவிடக் கூடாது.

முதலில் நல்லது. குழியின் பாறைச் சுவர் முழுவதையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்துவிடும். மில்லிமீட்டருக்கும் குறைவான நகர்வு தெரியும். இரவு, தூசி எதுவும் பெரிய தடையில்லை. சுவரில் பிரிசம் (ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) வைத்து, டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் அளப்பது இன்றும் தேவைதான். ஆனால் பிரிசத்தைப் பொருத்த ஒருவர் அந்தச் சுவருக்கே போக வேண்டும். ராடாருக்கு அது வேண்டாம். இந்த ஒன்றுக்காகவே எனக்கு அதன் மீது மரியாதை.

குறைகளும் உண்டு. ராடாரை நோக்கியோ அதைவிட்டு விலகியோ நடக்கும் நகர்வை மட்டுமே அது பார்க்கும். பக்கவாட்டில் நழுவினால் குறைத்தே காட்டும். மழை, ஈரப்பதம், வெப்பநிலை மாறும்போது அசையாத பாறையும் அசைவதாகக் காட்டும். அசையாது என்று உறுதியான ஒரு பகுதியை ஒப்பீட்டுக்குத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

அதிகம் யோசிக்க வேண்டியது எந்த அளவு நகர்வுக்கு அலாரம் அடிக்க வேண்டும் என்பதைத்தான். சுவர் முழுவதற்கும் ஒரே எண்ணை வைப்பது ஆபத்து. கெட்டியான பாறையில் இரண்டு பிளவுகள் குறுக்கே வெட்டி உருவாகும் ஆப்புத் துண்டு, சில மில்லிமீட்டர் நகர்ந்ததுமே விழுந்துவிடலாம். சிதைந்த, மென்மையான பாறையோ மீட்டர் கணக்கில் ஊர்ந்த பிறகும் நிற்கும். அதனால் பாறை வகை, பிளவுகளின் திசை, சாய்வு பார்த்துச் சுவரைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வேக வரம்பு வைக்கிறோம்.

எப்போது விழும் என்று கணிக்க, 1985-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஃபுகுசோனோ முன்வைத்த தலைகீழ் வேக முறை கைகொடுக்கிறது. 1-ஐ வேகத்தால் வகுத்து, வரும் எண்ணை நேரத்துக்கு எதிராக வரைபடம் போட்டால், கோடு சுழியைத் தொடும் இடம்தான் உத்தேச நேரம். மழைக்குப் பின் வேகம் கூடித் தானாகத் தணிவதும் உண்டு. அவசரப்பட்டுக் கோடு இழுத்தால் கணிப்பு தவறும்.

எங்கள் சுவர் ஒன்றில் நகர்வு கூடிக்கொண்டே போனது. காரணத்தை ராடார் சொல்லவில்லை, பாறைக்குள் நீரழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர் சொன்னது: உள்ளே நீரழுத்தம் ஏறியிருந்தது. கிடைமட்ட வடிகால் துளைகள் போட்டதும் வேகம் இறங்கியது. பாதுகாப்புக் காரணி (தாங்கும் வலிமை, சரிக்கும் விசையைப் போல் எத்தனை மடங்கு என்பது) 1.3 என்று அறிக்கையில் இருந்தாலும், அதில் எந்த நீர்மட்டத்தை எடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

அப்புறம், விழும் நேரம் தெரிந்தாலும் எவ்வளவு தூரம் ஓடும் என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவின் பிங்காம் கேன்யன் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10 அன்று பெருஞ்சரிவு நடந்தது. கண்காணிப்பு முன்கூட்டியே எச்சரித்ததால் ஆட்களை வெளியேற்றியிருந்தார்கள், ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் இடிபாடு எதிர்பார்த்ததைவிடத் தூரம் ஓடி, ஷவல்களும் (தோண்டி அள்ளும் எந்திரங்கள்) டம்பர் லாரிகளும் சிக்கிக்கொண்டன.

புதிதாக ராடார் நிறுவுபவர்கள் முதல் நாளே ஒன்றைச் செய்துவிடுங்கள். சிவப்பு அலாரம் அடித்தால் யாரிடமும் கேட்காமல் குழியைக் காலி செய்யும் அதிகாரத்தை ஷிப்ட் பொறுப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.